நகரும் வீடும் நகராத ஊரும்

இல்லறம் என்னும் சொல் வீட்டைக் குறிக்கும் ‘இல்’ என்பதையும் வாழ்நெறியைக் குறிக்கும் ‘அறம்’ என்பதையும் இணைத்து அமைந்திருப்பதால், வீடு ஓரிடத்தில் நில்லாதபோது அந்த அறம் என்னவாகும் என்னும் கேள்வி அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. கணவன், மனைவி, குழந்தைகள் அடங்கிய ஒரு குடும்பம் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியவை பொருத்தப்பட்ட வண்டியொன்றில் ஏறி, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் சாலையிலேயே வாழும் வழக்கம் அண்மைக் காலத்தில் இந்தியாவிலும் பரவிவருகிறது. கேரவன் என்றும் கேம்பர் வேன் என்றும் அழைக்கப்படும் இவ்வண்டிகளுக்கென்றே கேரள அரசு 2021ஆம் ஆண்டில் ஒரு சுற்றுலாக் கொள்கையை வகுத்தது. வடக்கே ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், மேற்குக் கரையை ஒட்டி வரும் 66ஆம் எண் நெடுஞ்சாலையும் கன்னியாகுமரியில் வந்து முடிவதால், நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்ட குடும்பங்கள் தங்கள் வண்டியைத் திருப்பியாக வேண்டிய இடமாகக் குமரி மாவட்டம் அமைந்திருக்கிறது.

அம்மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில், திருவிதாங்கோட்டுக்கும் இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் அருகில் உள்ள நெய்யூர், இக்கேள்வியை நின்று ஆராய்வதற்கு ஏற்ற ஊராகும். தங்கியிருப்பதும் அலைவதும் அறத்தோடு எவ்வாறு தொடர்புடையவை என்பதற்கு அவ்வூரும் அதைச் சூழ்ந்த நிலமும் சமணம், சைவம், கிறித்தவம், அய்யாவழி ஆகிய பல மரபுகளின் வழியாகப் பல விடைகளைத் தந்திருக்கின்றன. அவ்விடைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது, நகரும் குடும்பத்தைப் பற்றிய உண்மையான கேள்வி அதற்கு வீடு இருக்கிறதா என்பதைவிட, அதற்கு ஊர் இருக்கிறதா என்பதே என்று தெளிவாகிறது.

சொற்களின் சான்று

கேரவன் என்னும் சொல் பாரசீக மொழியில் பாலைவெளியைக் கடக்கும் வணிகர் கூட்டத்தைக் குறித்தது. அக்கூட்டத்திற்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர் சாத்து என்பதாகும். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான் என்று அழைக்கப்படுவது அவர் பெரிய வணிகச் சாத்தின் தலைவர் என்பதைக் காட்டுகிறது. சாத்தில் வணிகர் மட்டுமின்றிக் காவலர், வண்டி ஓட்டுவோர், சமைப்போர் எனப் பலரும் சேர்ந்து நடந்தமையால், ஒருவர் நோயுற்றால் பார்ப்பதற்கும், ஒருவரை மற்றவர் வழிப்பறியிலிருந்து காப்பதற்கும், ஒருவர் செய்த தவற்றை மற்றவர் கேட்பதற்கும் அங்கே ஆள் இருந்தது. எனவே சாத்து என்பது கால் முளைத்த ஊர் என்றே சொல்லத்தக்கது.

ஐரோப்பாவில் கேரவன் என்னும் சொல் ரோமானி மக்களின் குடும்ப வண்டிகளுக்கு வழங்கி, பின்னர் ஓய்வுக்காகப் பயணம் செய்வோரின் வண்டியைக் குறிக்கலாயிற்று. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவர் தமக்கெனச் செய்வித்துக்கொண்டு 1885ஆம் ஆண்டில் பயணம் புறப்பட்ட குதிரை வண்டி, இவ்வகை ஓய்வு வண்டிகளுள் முதலாவதாகக் கருதப்படுகிறது. இவ்வாறு ஒரு பெருங்கூட்டத்தின் பெயராக இருந்தது ஒரே குடும்பத்தின் பெட்டியைக் குறிக்கும் பெயராகச் சுருங்கியபோது, சொல்லின் பொருளிலிருந்து ஊர் உதிர்ந்துபோய் வீடு மட்டுமே எஞ்சியது. இன்றைய நகரும் குடும்பத்தின் சிக்கல் முழுவதும் இந்தப் பொருள் மாற்றத்திலேயே பொதிந்திருக்கிறது.

வீடு என்னும் சொல்லின் வரலாறோ வேறு திசையில் செல்கிறது. விடுதல் என்னும் வினையோடு தொடர்புடைய அச்சொல் குடியிருக்கும் கட்டடத்தையும், பற்று நீங்கிய விடுதலையாகிய மோட்சத்தையும் ஒருங்கே குறிக்கிறது. படை தன் நடையை நிறுத்தித் தங்கும் பாசறைக்குப் படைவீடு என்று பெயர் வழங்கியதும், முருகன் உறையும் ஆறு தலங்கள் அப்பெயராலேயே அறியப்படுவதும், வழிப்போக்கர் தங்குமிடம் விடுதி எனப்படுவதும், வீடு என்பதைத் தமிழர் அசையாத சுவராக மட்டும் எண்ணவில்லை என்பதை உணர்த்துகின்றன. தென்மாவட்டப் பனங்காடுகளில் அக்கானி காய்ச்சுவதற்காகப் பனையோலையால் அமைக்கப்படும் குடிசைக்கு விடிலி என்பது பெயர். அக்கானி என்பது பதனீருக்குக் குமரி மாவட்டத்தார் வழங்கும் சொல். பனையேறும் குடும்பங்கள் பல, பருவம் தொடங்கியதும் குழந்தைகளோடு பனங்காட்டுக்குக் குடிபெயர்ந்து, ஆண்கள் இறக்கிவரும் அக்கானியைப் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டியாக்க, விடிலியையே வீடாகக் கொண்டு மாதக்கணக்கில் வாழ்ந்தன. அக்குடும்பங்களின் இல்லறம் அந்த மாதங்களில் குறைந்துபோனதாக எவரும் கருதியதில்லை. வீடு நகர்ந்தால் இல்லறம் கெடும் என்னும் எளிய முடிவுக்குத் தமிழ் வாழ்க்கையில் இடமில்லை என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

அசையாத வீடும் உண்மையில் அசையாதது அன்று என்பதை நெய்யூரின் வரலாறே காட்டுகிறது. திருவிதாங்கூர் அரசின் கீழும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, தங்கள் திண்ணையைவிட்டு ஓரடியும் நகராத மக்கள் வேறொரு மாநிலத்தின் குடிகளாயினர்.

நடப்பவரும் நிற்பவரும்

இந்தியச் சமய மரபுகள் நடையைத் துறவிக்கும் நிலையை இல்லறத்தானுக்கும் பங்கிட்டுக் கொடுத்திருந்தன. நெய்யூருக்கு வடமேற்கே சிதறால் என்னும் ஊரில் உள்ள குன்றின் பழம்பெயர் திருச்சாரணத்துமலை என்பதாகும். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் அதன் பாறைகளில் செதுக்கப்பட்டுள்ளன. சாரணர் என்பது ஓரிடத்தில் தங்காது இயங்கும் ஆற்றல் பெற்ற சமண முனிவரைக் குறிக்கும் சொல். ஓரிடத்தில் தங்கினால் அவ்விடத்தின் மீது பற்று வளரும் என்பதாலேயே சமண, பௌத்தத் துறவிகளுக்கு அலைதல் விதிக்கப்பட்டது. ஆயினும் அந்த விதிக்குள்ளேயே ஒரு நிறுத்தமும் வைக்கப்பட்டிருந்தது. மழைக்காலத்தில் மண்ணில் பெருகும் சிற்றுயிர்கள் காலடியில் மிதிபடாதிருக்கும் பொருட்டுச் சமணத் துறவியர் நான்கு மாதமும் பௌத்தத் துறவியர் மூன்று மாதமும் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பதே அந்நிறுத்தம். பற்றறுப்பதற்காக நடந்தவர்கள் பிற உயிரின் பொருட்டு நின்றார்கள்.

திருக்குறள் இல்வாழ்க்கை என்னும் ஐந்தாம் அதிகாரத்தில், பிற நிலைகளில் வாழ்வோருக்கும், துறந்தவர்க்கும், வறியவர்க்கும், ஆதரவற்று இறந்தவர்க்கும் இல்லறத்தானே துணை என்கிறது. துறவி நடக்க முடிவதற்குக் காரணம், அவன் சென்று நிற்கும் வாசலுக்குப் பின்னே ஒருவர் அடுப்பை அணையாமல் வைத்திருப்பதே ஆகும். இக்கோணத்தில் பார்த்தால் கேரவனில் வாழும் குடும்பம் ஒரு புதிய நிலையில் நிற்கிறது. துறவியின் நடையை அது மேற்கொண்டிருக்கிறது, ஆனால் துறவியைப் போல் உடைமையைக் கைவிடவில்லை. இல்லறத்தானின் அடுப்பை அது சுமந்து செல்கிறது, ஆனால் இல்லறத்தானைப் போல் பிறர் வந்து தட்டுவதற்கு ஒரு நிலையான வாசலை வைத்திருக்கவில்லை. இரண்டு நிலைகளின் உரிமைகளையும் எடுத்துக்கொண்டு இரண்டின் கடமைகளையும் விட்டுவிடும் ஆபத்து அதற்கு உண்டு. இரண்டின் கடமைகளையும் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அதற்கு உண்டு. எதைச் செய்கிறது என்பதை அளக்க, திருவள்ளுவர் இல்லறத்தானுக்கு வகுத்த ஐந்து கடமைகளே பொருத்தமான அளவுகோலாகும். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்னும் ஐவரிடத்தும் தவறாது ஒழுகுவதே அக்கடமைகள்.

முன்னோரும் தெய்வமும்

முன்னோர் கடன் என்பது இடத்தோடு பிணைந்தது போல் தோன்றுகிறது, ஏனெனில் கல்லறையும் குலதெய்வக் கோயிலும் பூர்விக மண்ணில் இருக்கின்றன. ஆயினும் ஆடி அமாவாசை நாளில் குமரி முனைக் கடலிலும் குழித்துறையில் தாமிரபரணி ஆற்றங்கரையிலும் பலிதர்ப்பணம் செய்து நீராடும் மக்கள், இறந்தவரை நினைப்பதற்காக வீட்டைவிட்டு நீரை நாடிச் செல்பவர்களே. குடிபெயரும் குடும்பம் தன் குலதெய்வத்தின் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துச்சென்று புதிய இடத்தில் தெய்வத்தை நிறுவும் பிடிமண் வழக்கம், இடத்தை முற்றிலும் துறக்காமலும் இடத்திற்கு அடிமையாகாமலும் இருப்பதற்குத் தமிழர் கண்ட வழியாகும். மண்ணை எடுக்க ஒருமுறையேனும் அவ்விடத்தில் குனிந்தாக வேண்டும். எங்கிருந்து எடுத்தோம் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லியாகவும் வேண்டும். நகரும் குடும்பத்திடம் முன்னோர் கடன் எதிர்பார்ப்பதும் இதுவே.

தெய்வத்தைப் பொறுத்தவரை, குமரி மாவட்டத்துத் தெய்வங்களே பயணம் செய்பவை. திருவிதாங்கூரின் தலைநகர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறிய பின், நவராத்திரி வழிபாட்டுக்காகப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரகோயில் முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் சென்று, விழா முடிந்ததும் அதே வழியில் திரும்புகின்றனர். கம்பர் வழிபட்டதாக மரபு கூறும் அந்தச் சரசுவதி வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்குகிறாள். தங்கும் ஊர்களெல்லாம் அவளை வரவேற்கின்றன. மகா சிவராத்திரியை ஒட்டி நடைபெறும் சிவாலய ஓட்டத்தில் இதற்கு மாறாக அடியவர்களே ஓடுகின்றனர். முஞ்சிறை அருகே உள்ள திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் அந்த ஓட்டத்தில், காவியுடுத்தியவர்கள் கையில் பனையோலை விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழங்கியவாறு, கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் உள்ள பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓர் இரவும் பகலுமாக, நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு கடந்து வழிபடுகின்றனர். நெய்யூருக்கு அருகில் உள்ள திருவிதாங்கோடும் அப்பன்னிரண்டில் ஒன்று. ஓடுபவர்க்குப் பானகமும் மோரும் கஞ்சியும் கொடுப்பதற்காக வழியோரத்து வீட்டார் வாசலில் நிற்கின்றனர். ஓடுபவரின் பக்தியும் நிற்பவரின் பக்தியும் சேர்ந்தே அந்த வழிபாடு முழுமை பெறுகிறது.

நெய்யூர்த் திருச்சபையார் வாசிக்கும் விவிலியத்திலும் பயணம் செய்யும் தெய்வம் வேறு வடிவில் காணப்படுகிறது. ஆசரிப்புக் கூடாரம் என்று தமிழ் விவிலியம் அழைக்கும் வழிபாட்டிடம், பாலைவழியில் நடந்த இசுரவேலர் கழற்றிச் சுமந்துசென்று மறுபடியும் நிறுத்திய கூடாரமாகும். அரசனாகிய தாவீது தான் கேதுரு மரத்தால் ஆன மாளிகையில் இருக்கையில் கடவுள் கூடாரத்தில் இருக்கிறாரே என்று கவலையுற்று ஆலயம் கட்ட முனைந்தபோது, தாம் அந்நாள்வரை எவரிடமும் வீடு கேட்டதில்லை என்று கடவுள் மறுமொழி கூறியதாகச் சாமுவேலின் இரண்டாம் நூல் சொல்கிறது. நாட்டில் குடியேறிய பின்பும் ஆண்டுக்கு ஏழு நாட்கள் குழை வேய்ந்த பந்தலில் தங்கவேண்டும் என்று அம்மக்களுக்கு விதிக்கப்பட்ட கூடாரப் பண்டிகை, வீடுள்ளவன் தான் ஒருகாலத்தில் வீடற்றவனாக இருந்ததை மறவாதிருப்பதற்காக ஏற்பட்டது. எனவே தெய்வக் கடனைச் செலுத்துவதற்கு நகரும் வாழ்க்கை தடையாகாது என்பதில் மரபுகள் ஒன்றுபடுகின்றன.

விருந்து

சிக்கல் மூன்றாவது கடமையில்தான் தொடங்குகிறது. விருந்து என்னும் சொல்லுக்குப் பழைய இலக்கணம் கூறும் பொருள் புதுமை என்பதாகும். ஆகவே விருந்தினர் என்போர் உறவினர் அல்லர், முன்பின் அறியாத புதியவர். விருந்தோம்பல் என்பது அறிமுகமற்றவரை வீட்டுக்குள் அனுமதிக்கும் துணிவைக் கோரும் அறம். நகரும் குடும்பமோ எந்த ஊருக்குச் சென்றாலும் தானே புதியதாக இருக்கிறது. தண்ணீரை நிரப்பிக்கொள்ள ஒரு குழாயும், வண்டியை நிறுத்த ஒரு மரநிழலும், கழிவை அகற்ற ஒரு வழியும், இரவில் அச்சமின்றி உறங்க ஒரு தெருவும் அதற்கு நாள்தோறும் தேவைப்படுகின்றன. இவற்றையெல்லாம் அதற்குத் தருவது அங்கே நிலையாக வாழும் மக்கள் பேணிவைத்த ஊரே. குளத்தைத் தூர் வாரியவரும், மரத்தை நட்டவரும், தெருவைப் பெருக்கியவரும் தங்கியிருந்தவர்களே. என்றென்றும் விருந்தினராகவே இருக்கும் ஒரு குடும்பம் விருந்தோம்பும் கடமையை எவ்வாறு நிறைவேற்றும் என்பது, ஆகவே, மிகக் கடினமான வினாவாக எழுகிறது.

இதற்குச் சங்க இலக்கியம் ஒரு விடை வைத்திருக்கிறது. பாணனும் விறலியும் தங்கள் குழந்தைகளோடும் சுற்றத்தோடும் யாழைச் சுமந்து வழிநடந்த காலத்தில் தோன்றிய ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை, பத்துப்பாட்டுள் சரிபாதி இடத்தைப் பிடித்திருக்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவரை, தாம் பெற்ற இடத்திற்கு வழிகாட்டி அனுப்புவதே ஆற்றுப்படையின் அமைப்பு. எந்த ஊரில் எவ்வகை உணவு கிடைக்கும், எந்த வழியில் என்ன இடர் உண்டு, எவ்விடத்து மக்கள் எவ்வாறு வரவேற்பர் என்பதையெல்லாம் அது எடுத்துரைக்கிறது. தமக்கென நிலமோ வாசலோ இல்லாத அம்மக்கள் தாம் பெற்ற விருந்தோம்பலைத் தந்தவருக்கே திருப்பித் தர இயலாதபோது, தமக்குப் பின் வருபவருக்கு அதைக் கடத்தினார்கள். தங்கிய ஊரில் பாட்டையும் கூத்தையும் விட்டுச்சென்றார்கள். நகரும் குடும்பத்திற்குரிய விருந்தோம்பல் இதுவே. தான் தங்கிய இடத்தை வந்தபோது இருந்ததினும் நன்றாக விட்டுச்செல்வதும், தன்னிடம் உள்ள கல்வியையோ கைத்தொழிலையோ அவ்வூர்க் குழந்தைகளோடு பகிர்ந்துகொள்வதும், சாலையில் தன்னினும் குறைவாக உள்ளவருக்குத் தன் வண்டியின் கதவைத் திறப்பதும் ஆற்றுப்படையின் இக்கால வடிவங்கள் ஆகும்.

அய்யா வைகுண்டரைப் (1809–1851) பின்பற்றும் அய்யாவழி மரபில், தலைமைப்பதி அமைந்த சாமித்தோப்பையன்றி ஊர்தோறும் அமைந்த வழிபாட்டிடங்கள் நிழல்தாங்கல் எனப்படுகின்றன. கோபுரத்தாலோ சிலையாலோ பெயர் பெறாமல், வந்தவர் ஒதுங்கி நிற்கும் நிழலால் ஒரு வழிபாட்டிடம் பெயர் பெற்றிருப்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. கோயில் தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் மறுக்கப்பட்ட மக்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்ட இந்நிழல்களில் சேர்ந்துண்ணுதல் வழிபாட்டின் பகுதியாயிற்று. நிழலைத் தேடித் தவித்தவர்களே பிறருக்கு நிழலைக் கொடுத்தார்கள் என்பதில் விருந்தோம்பலின் உட்பொருள் விளங்குகிறது.

சுற்றமும் தானும்

நான்காவது கடமையாகிய சுற்றத்தைப் பேணுதலில், நகரும் குடும்பத்தை நிலையான குடும்பத்தோடு ஒப்பிடும்போது பாகுபாடின்றி நோக்க வேண்டும். குமரி மாவட்டத்துத் தெருக்களில், வளைகுடா நாடுகளுக்கும் பிற தொலைநாடுகளுக்கும் சென்று உழைத்தவர்களின் பணத்தில் எழுப்பப்பட்ட பெரிய வீடுகள் பல நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றில் முதிய பெற்றோர் மட்டும் இருக்கின்றனர், சில ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. அங்கே இல் இருக்கிறது, இல்லத்தார் இல்லை. வண்டியில் செல்லும் குடும்பத்திலோ கட்டடம் இல்லை. ஆனால் தந்தையும் தாயும் குழந்தைகளும் நாள் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். கணவன் கடலுக்கு அப்பால் இருக்க, அவன் குரலை மட்டும் கேட்டு வளரும் குழந்தையின் இழப்பை அறிந்த எவரும், குடும்பம் சேர்ந்திருக்கவேண்டும் என்பதற்காகவே வீட்டை விட்டவர்களை எளிதில் குறைகூற மாட்டார்கள்.

எனினும் சுற்றம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும் அடங்கிய வட்டம் அன்று. பாட்டி, தாய்மாமன், அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆகியோர் குழந்தைக்குத் தருவதைப் பெற்றோர் இருவரால் தர இயலாது. தாயும் தந்தையும் சினந்திருக்கும்போது குழந்தை ஓடிச்சென்று ஒளிந்துகொள்ளும் மடியும், கணவன் மனைவிக்கிடையே பிணக்கு முற்றும்போது இருவரையும் கண்டித்துப் பேசும் குரலும் சுற்றத்திலிருந்தே வருகின்றன. சில அடி நீளமுள்ள வண்டிக்குள், கோபித்துக்கொண்டு எழுந்து செல்வதற்கு மற்றோர் அறைகூட இல்லாத நிலையில், அந்த மடியும் குரலும் இன்னும் தேவையாகின்றன. சாத்தாக நடந்த பழைய கேரவனில் இவை இருந்தன, பனங்காட்டு விடிலிகளிலும் பக்கத்து விடிலிக்காரர் வடிவில் இருந்தன. தனித்த வண்டியில் இவற்றைத் தேடிப் பெற வேண்டியிருக்கிறது. பருவந்தோறும் உறவினரிடம் திரும்பிவந்து தங்குவதும், ஒத்த குடும்பங்களோடு சேர்ந்து பயணம் செய்வதும் அதற்கான வழிகளாகும்.

ஐந்தாவதாகிய ‘தான்’ என்பதையும் அறத்துள் சேர்த்ததற்கு உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். எல்லா அறங்களையும் செய்வதற்குத் தான் உயிரோடும் நலத்தோடும் இருக்கவேண்டும் என்பதே அது. நகரும் குடும்பத்தில் இது முதன்மையாகக் குழந்தைகளைப் பற்றிய வினாவாகும். பெற்றோர் தங்கள் விருப்பத்தால் சாலையைத் தேர்ந்தெடுத்தனர். குழந்தைகளை யாரும் கேட்கவில்லை. மலையையும் கடலையும் பல மொழிகளையும் கண்ணாரக் கண்டு வளரும் குழந்தை பெறும் கல்வி உயர்ந்ததே. ஆனால் ஒரே வேப்பமரம் பூத்துக் காய்த்துப் பழுத்து உதிர்வதை ஆண்டுதோறும் பார்ப்பதும், ஒரே நண்பனோடு சண்டையிட்டுப் பிரிந்து மறுநாள் அவன் முகத்திலேயே விழித்துச் சமாதானமாவதும் வேறொரு கல்வி. பிரிந்து செல்லும் வாய்ப்பு எப்போதும் கையில் இருப்பவர், பொறுத்துக்கொள்வதைக் கற்பது அரிது. ஆகவே குழந்தையின் வளர்ச்சியில் நண்பர்கள் தேவைப்படும் பருவம் வரும்போது வண்டியை நிறுத்த ஆயத்தமாக இருப்பது பெற்றோரின் கடமையாகிறது.

அலைவோரும் அலைக்கப்படுவோரும்

இவ்வாராய்ச்சியில் விட்டுவிடக் கூடாத நீதி ஒன்று உண்டு. கேரவனில் வரும் குடும்பத்தை வியந்து வரவேற்கும் அதே ஊர், துணிக் கூடாரத்தோடு வந்து தங்கும் நரிக்குறவர் குடும்பத்தை அதே இடத்திலிருந்து விரட்டுகிறது. ஆங்கிலேய ஆட்சி 1871ஆம் ஆண்டில் இயற்றிய குற்றப் பழங்குடிகள் சட்டம், பல சமூகங்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகக் கருதியது. அலைந்து வாழ்வதே ஐயத்திற்குரியது என்னும் எண்ணம் அதன் அடியில் இருந்தது. அச்சட்டம் நாடு முழுவதும் 1952ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட பின்பும் அந்த எண்ணம் மக்கள் மனத்திலிருந்து முற்றிலும் நீங்கவில்லை. பாசிமணி கோத்து விற்கும் தாயின் பக்கத்தில் சாலையோரம் உறங்கும் குழந்தையும், கேரவனின் மெத்தையில் உறங்கும் குழந்தையும் ஒரே வானத்தின் கீழ்த்தான் உறங்குகின்றன. ஒருவர் விரும்பி அலைகிறார், மற்றவர் பெரும்பாலும் நிற்க இடமின்றி அலைக்கப்படுகிறார் என்னும் வேறுபாட்டை உணராத பயண மெய்யியல் எதுவும் நேர்மையானதாக இராது. வீட்டை விடுவதற்கு முன் வீடு ஒன்று இருந்தாக வேண்டும் என்பதையும், அது பலருக்கு வாய்க்காத பேறு என்பதையும் அறிந்தே நகரும் குடும்பம் சாலையில் இறங்கவேண்டும்.

நிற்கவேண்டிய இடம்

நகர்தல், நிற்றல் ஆகியவற்றின் உறவை நெய்யூரின் சொந்த வரலாறு மூன்று மனிதர்களின் வழியாக விளக்குகிறது. 1806ஆம் ஆண்டில் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியை மையமாகக் கொண்டு பணியாற்றிய ரிங்கல்தௌபே என்னும் கிறித்தவ மறைப்பணியாளர் மணம் செய்துகொள்ளாதவர். தமக்கென எதையும் சேர்க்காமல் ஊர் ஊராகத் திரிந்து, 1816ஆம் ஆண்டில் புறப்பட்டுச் சென்று, எங்கே மறைந்தார் என்பது தெரியாதபடி மறைந்தார். அவர் துறவியின் நடையை நடந்தவர். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் குடும்பத்தோடு கடற்பயணம் புறப்பட்டு, வழியில் பினாங்கில் மனைவியை இழந்து, துயரத்தோடு இம்மண்ணில் இறங்கியவர். நாகர்கோவிலில் பணியைத் தொடங்கிப் பின்னர் நெய்யூரில் குடியமர்ந்து, 1873ஆம் ஆண்டில் இறக்கும்வரை திருவிதாங்கூரிலேயே வாழ்ந்தார். பயணத்தில் குடும்பம் கொடுக்கும் விலை எத்தகையது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

மூன்றாமவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர். இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே என்னும் மருத்துவர் 1838ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவப் பணியின் வழியாக வளர்ந்திருந்த நெய்யூர் மருத்துவமனைக்கு, 1922ஆம் ஆண்டில் சாமர்வெல் ஒரு பயணியாகவே வந்தார். அவ்வாண்டு எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் பங்குபெற்று, சூன் 7ஆம் நாள் பனிச்சரிவில் சுமை தூக்கிய ஏழு பேர் இறந்ததைக் கண்முன் கண்டு, பாரமான மனத்தோடு இந்தியாவைச் சுற்றிப்பார்த்துக்கொண்டு தெற்கே வந்திருந்தார். நெய்யூரில் நோயாளர் கூட்டம் காத்திருக்க, அவர்களுக்கு அறுவை மருத்துவம் செய்யத் தகுதி பெற்றவர் ஒருவரே இருப்பதைக் கண்டதும், இலண்டனில் தமக்குக் காத்திருந்த மருத்துவ வாழ்வைத் துறந்து இவ்வூருக்கே திரும்பிவந்தார். 1924ஆம் ஆண்டின் எவரெஸ்ட் முயற்சியில் பங்கேற்ற பின்பும் நெய்யூருக்கே வந்து, மணம் புரிந்து, குடும்பம் அமைத்து, பின்னர் வேலூரிலும் கற்பித்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்தியாவில் பணியாற்றினார். காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சாமர்வெல் நெய்யூரில் நின்றதற்கு இடத்தின் அழகோ தட்பவெப்பமோ காரணம் இல்லை. வரிசையில் அமர்ந்திருந்த நோயாளரின் முகமே காரணம். மழைக்காலத்துச் சிற்றுயிருக்காகச் சமணத் துறவி நின்றதும், நோயாளருக்காக மலையேறுபவர் நின்றதும் ஒரே அறத்தின் இரு தோற்றங்கள். இதிலிருந்து நகரும் குடும்பத்திற்கான அளவுகோல் ஒன்று கிடைக்கிறது. ஒரு குடும்பம் எவ்வளவு தொலைவு சென்றது, எத்தனை நாள் சென்றது என்பவற்றால் அதன் இல்லறம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பிறருடைய தேவை வழியில் எதிர்ப்படும்போது அதன் வண்டி நிற்குமா என்பதே கேட்கத்தக்க கேள்வி. நோயுற்ற பெற்றோருக்காகவும், நண்பனை விட்டுப் பிரிய மாட்டாத குழந்தைக்காகவும், அறிமுகமற்ற ஊரில் துன்புறும் ஒருவருக்காகவும் நிறுத்தக்கூடிய வண்டியில் இல்லறம் உயிரோடு இருக்கிறது. இக்கேள்வி அசையாத வீட்டில் வாழ்வோரிடமும் கேட்கப்படவேண்டியதே, ஏனெனில் ஒரே தெருவில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தும் பக்கத்து வீட்டுத் துன்பத்தின்முன் ஒருநாளும் நில்லாமல் கடந்துபோகிறவர்கள் உண்டு.

தமிழ்நாட்டின் பழைய வழிகளிலும் திருவிதாங்கூர்ச் சாலைகளின் ஓரத்திலும் சுமைதாங்கிக் கற்கள் நிற்பதைக் காணலாம். இரண்டு கற்களை நட்டு அவற்றின் மேல் ஒரு கல்லைப் படுக்கவைத்தால், தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றியே சுமையை இறக்கி இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொண்டு செல்ல முடியும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்க முடியாமற்போன சுமைக்கு ஈடாக, அவள் வீட்டார் இக்கல்லை நாட்டும் வழக்கம் தமிழரிடையே இருந்தது. முன்னோர் கடனும் விருந்தோம்பலும் ஒரே கல்லில் கூடிய இவ்வழக்கத்தில், வீட்டைவிட்டு நகராத ஒரு குடும்பத்தின் துயரம், யார் என்று தெரியாத வழிப்போக்கரின் கழுத்து வலியைத் தணிக்கும் உதவியாக மாறியது. சாலையையே வீடாக்கிக்கொண்ட குடும்பம் அத்தகைய கல்லின் அருகே வண்டியை நிறுத்தும்போது, அதை நாட்டியவர்களின் கதையைத் தன் குழந்தைகளுக்குச் சொல்லி, அதனடியில் கிடக்கும் சருகையும் குப்பையையும் அகற்றிவிட்டுச் செல்லுமானால், அவ்வூரின் விருந்தினர் என்னும் நிலையிலிருந்து அதன் சுற்றத்தார் என்னும் நிலைக்கு ஓரடி எடுத்து வைத்ததாகும்.